ஒரு லட்சம் ரூபாயை எங்கே போடுவது? செட்டிநாட்டுச் சின்ன விடுதிகளின் விளம்பரக் கணக்கு

காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ பழைய வீட்டில் நாலு அறையைச் சீர்செய்து விருந்தினரைத் தங்க வைக்கிறீர்கள். அல்லது இரண்டு இன்னோவாவும் ஒரு டிசையரும் வைத்து டிராவல்ஸ் நடத்துகிறீர்கள். விளம்பரத்துக்கென்று வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்தைக் கேட்டு வருகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. புக்கிங் தளத்தின் ஆள், கமிஷனைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தால் பட்டியலில் மேலே காட்டுகிறேன் என்பார். ரீல்ஸ் போடும் தம்பி இரண்டு நாள் இலவசத் தங்கலும் மேலே ஒரு தொகையும் கேட்பார். சுற்றுலாக் கண்காட்சிக்காரர் ஸ்டால் வாடகைப் பட்டியலை அனுப்பிவிட்டு மறுநாளே போன் செய்வார். எல்லாவற்றிலும் பத்துப் பத்தாயிரம் போட்டுப் பார்ப்போம் என்று இறங்கினால் வருடக் கடைசியில் எது ஆளைக் கொண்டுவந்தது என்றே தெரியாது.

எதை எதோடு ஒப்பிடுவது என்பதற்கு முன்னால், இங்கே விற்பனைக்கு என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். செட்டிநாட்டுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தஞ்சாவூருக்கும் மதுரைக்கும் நடுவில் இருக்கிறது. சுற்றுலா வண்டி காலையில் தஞ்சாவூரில் கிளம்பும், திருமயம் கோட்டையில் அரைமணி நேரம் நிற்கும், கானாடுகாத்தானில் ஒரு வீட்டைக் காட்டும், காரைக்குடியில் வாழையிலைச் சாப்பாடு, ஆத்தங்குடியில் டைல்ஸ், பொழுது சாய மதுரை. வந்தவருக்கு நல்ல நாள்தான். அறை வைத்திருப்பவருக்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை. ஆகவே உங்களுக்குப் போட்டி பக்கத்துத் தெரு வீடு என்று நினைத்தால் கணக்கு தப்பிவிடும். விருந்தினர் மதுரைக்குப் போய்ப் படுக்கிறாரே, அந்த ஓட்டல்தான் போட்டி. 'எந்த வீட்டில் தங்கலாம்' என்று அவர் யோசிக்கும் முன்பே 'இங்கே தங்கத்தான் வேண்டுமா' என்று முடிவெடுத்துவிடுகிறார்.

அதனால் ஒவ்வொரு வழியையும் நான் இரண்டே கேள்வியால் அளக்கிறேன். இது ஒரு இரவைக் கூட்டுமா? வந்தவரின் போன் நம்பர் கடைசியில் யாரிடம் இருக்கும்?

புக்கிங் தளங்கள்

முன்பணம் கேட்காத வழி இது. புக்கிங் டாட் காம், அகோடா, மேக்மைட்ரிப், ஏர்பிஎன்பி எதில் வேண்டுமானாலும் படம் ஏற்றி, விலை போட்டு, ஓரிரு வாரத்தில் விற்க ஆரம்பித்துவிடலாம். ஆள் வந்த பிறகுதான் கமிஷன். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைவிட வசதி கிடையாது.

கமிஷன் எவ்வளவு என்பதைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். அறை 3,000 ரூபாய், கமிஷன் 18 சதவீதம் என்று கொள்வோம். 540 ரூபாய் போகிறது. அந்தக் கமிஷன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி வேறு, அது 97 ரூபாய். கைக்கு வருவது 2,363. இதில் காலைப் பலகாரம், சலவை, வேலையாள் சம்பளம், ஏசிக்கான கரண்ட் எல்லாம் போக வேண்டும். சிறப்புத் தள்ளுபடி, 'மொபைல் சலுகை', 'முன்னுரிமைப் பட்டியல்' என்று ஒவ்வொன்றாகச் சம்மதித்துக்கொண்டே போனால் 18 என்பது 25, 30 ஆகிவிடும். வருடத்தில் இருநூறு இரவு இப்படி விற்றால் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் கமிஷனும் அதன் ஜிஎஸ்டியுமாகவே போய்விடும். 'விளம்பரத்துக்குக் காசு செலவழிப்பதே இல்லை' என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்கள்.

வரி விஷயத்தில் ஒரு சின்ன நிம்மதி உண்டு. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் கீழே, ஜிஎஸ்டி பதிவு இல்லை என்றால், தளம் வழியாக வரும் அறை வாடகைக்கான வரியைத் தளமே வசூலித்துக் கட்டிவிடும். ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதனால் வரிக்குப் பயந்து தளத்தை ஒதுக்க வேண்டியதில்லை.

'எங்கள் தளத்தில் போட்ட விலையைவிடக் குறைத்து நேரடியாக விற்கக் கூடாது' என்ற நிபந்தனைதான் பலரை உறுத்துவது. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் மேக்மைட்ரிப்–கோஐபிபோ குழுமத்துக்கு 223.48 கோடி ரூபாய் அபராதம் போட்டபோது இந்த வகை விலைக்கட்டுப்பாட்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டது, ஒப்பந்தங்களிலிருந்து அதை நீக்கவும் சொன்னது. ஆனாலும் நீங்கள் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வரிவரியாகப் படித்துவிடுங்கள். விலையைக் குறைக்காமலே நேரடி விருந்தினருக்கு மேலே ஏதாவது கொடுக்கலாம். இரவுச் சாப்பாட்டைச் சேர்த்துவிடலாம், செட்டிநாடு ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்பலாம்.

என் இரண்டு கேள்விக்கும் தளங்கள் தரும் பதில் பாதிப் பாதிதான். தளத்தில் தேடுகிறவர் தங்குவது என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர். தங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவரைத் தளம் தொடாது. நம்பரும் தளத்திடம்தான் இருக்கும், நீங்களாகக் கேட்டு வாங்கினால் ஒழிய. அப்படியானால் ஏன் இருக்க வேண்டும்? தனியாகவே திட்டம் போட்டு வரும் பிரெஞ்சு, ஜெர்மன் தம்பதிகள் முதலில் எட்டிப் பார்க்கும் இடம் அதுதான். அவர்கள் எழுதிவிட்டுப் போகும் விமர்சனங்கள்தான் முதல் இரண்டு வருடத்தில் உங்கள் சொத்து. அடிப்படைக் கமிஷனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே ஏற்றிக் காட்டுவதற்கென்று ஒரு பைசா கூடக் கூட்டிக் கொடுக்க வேண்டாம். நாலு அறைக்கு அது தேவையில்லை.

கூகுள் மேப்பும் சொந்த முகவரியும்

காசே கேட்காத வழிக்குத்தான் நம் ஊரில் மதிப்பு குறைவு. தளத்தில் வீட்டைப் பார்த்தவர்களில் பலர் அதே பெயரைக் கூகுளில் அடித்துப் பார்க்கிறார்கள். அங்கே சரியான போன் நம்பரும் ஒழுங்கான படங்களும் இருந்தால் நேரே கூப்பிடுவார்கள். பல வீடுகளின் பக்கத்தில் யாரோ வழிப்போக்கர் எடுத்த வாசல் படம் ஒன்றும் பழைய லேண்ட்லைன் நம்பரும்தான் கிடக்கின்றன.

கூகுள் பிசினஸ் பக்கத்தை உங்கள் பெயரில் உறுதிசெய்ய இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். தெரு, பெயர்ப்பலகை, உள்ளே வரவேற்பு மேசை எல்லாம் தெரிகிற மாதிரி ஒரே மூச்சில் எடுத்தால் போதும். படங்களில் பட்டாலைத் தூணையும் பர்மா தேக்குக் கதவையும் எல்லாருமே போடுகிறார்கள். குளியலறையைப் போடுகிறவர்கள் குறைவு. சென்னையிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான், 'பழைய வீடு, பாத்ரூம் எப்படி?' அடுத்த கேள்வி ஏசி. மூன்றாவது, வயதான அம்மாவுக்குத் தரைத்தளத்தில் அறை இருக்கிறதா. இந்த மூன்றுக்கும் படத்திலேயே பதில் இருந்தால் பாதி போன் அழைப்புகள் அப்போதே புக்கிங்காகும்.

ஓட்டல் தேடலில் விலையோடு கூடிய இலவச இணைப்பைக் காட்டும் வசதியைக் கூகுள் 2021 மார்ச்சில் கொண்டுவந்தது. அதற்கு ஒரு புக்கிங் மென்பொருள் வேண்டும். நாலு அறை வீட்டுக்கு அது இப்போதைக்கு வேண்டாம் என்பேன், வாட்ஸ்அப் பிசினஸ் போதும். சொந்தமாக ஒரு இணைய முகவரி மட்டும் அவசியம் வாங்கிவிடுங்கள். கூகுள் பிசினஸ் பக்கத்தோடு இலவசமாகக் கொடுத்துவந்த வெப்சைட் வசதியை 2024 மார்ச்சில் அந்த நிறுவனமே நிறுத்திவிட்டது. அதையே விசிட்டிங் கார்டில் அச்சடித்து வைத்திருந்தவர்கள் திரும்ப அச்சடிக்க வேண்டிவந்தது.

ரீல்ஸ்

இது பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செட்டிநாட்டு வீடு கேமராவுக்கென்றே கட்டியது போல இருப்பதுதான் காரணம். முப்பது நொடியில் வீட்டின் அழகு முழுவதும் வந்துவிடுகிறது. பார்த்தவர் வருகிறார், அதே இடத்தில் நின்று அதே படத்தை எடுக்கிறார், போய்விடுகிறார். கூட்டம் வாசலில் நிற்கிறது, அறை காலியாகவே இருக்கிறது. போதாததற்கு, இங்கே பல வீடுகள் பங்காளிகளின் பொதுச்சொத்து. ஒருவர் அனுமதித்த படப்பிடிப்பை இன்னொருவர் கோலாலம்பூரிலிருந்து பார்த்துவிட்டுக் கேள்வி கேட்பார்.

காசு கொடுத்தோ இலவசமாகத் தங்க வைத்தோ போடச் சொல்லும் பதிவு விளம்பரம்தான். அதை விளம்பரம் என்று பார்ப்பவருக்குத் தெரியும்படி குறிப்பிட வேண்டும் என்று விளம்பரத் தர அமைப்பு 2021இலும், நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் நெறிமுறை வெளியிட்டுவிட்டன. 'அதைப் போடாமல் இருந்தால் நல்லா ரீச் ஆகும் அண்ணே' என்று சொல்கிறவரை அப்படியே வழியனுப்பிவிடலாம்.

செய்வதென்றால் உங்கள் போனிலேயே செய்யுங்கள், ஆனால் வீட்டைக் காட்டாதீர்கள். தங்கினால் மட்டுமே பார்க்க முடிகிறதைக் காட்டுங்கள். ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுகிறவர் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து நிறக் குழம்பை ஊற்றுவது, மேலே மணலும் சிமெண்டும் சேர்த்து அழுத்துவது, தண்ணீர்த் தொட்டியில் ஊறிய பிறகு கண்ணாடியைப் பிரித்ததும் அந்தப் பளபளப்பு வருவது. சூளையே கிடையாது. காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை நெய்கிற தறி, அதற்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. விடியற்காலையில் ஆச்சி அம்மியில் அரைக்கிற மசாலா. இதையெல்லாம் பார்க்கிறவருக்கு 'இதற்கு ஒரு நாள் போதாதே' என்று தோன்ற வேண்டும். உலகத்தில் எத்தனையோ ஊர்களில் செட்டிநாடு சிக்கன் விற்கிறார்கள், சாப்பிடுகிறவர்களில் பலருக்கு அப்படி ஒரு பகுதி இருப்பதே தெரியாது. சமையல் வகுப்பு வைத்திருக்கிற வீட்டுக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேறென்ன வேண்டும்?

ஏஜென்ட், டிரைவர்

இணையத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பழைய வழி மறந்துபோகும். வெளிநாட்டு விருந்தினரில் பெரும்பகுதியினர் வண்டி, டிரைவர், ஓட்டல் எல்லாம் சேர்த்த பயணமாகத்தான் வருகிறார்கள். மாமல்லபுரம், பாண்டிச்சேரி, தஞ்சாவூர், மதுரை, தேக்கடி, கொச்சி என்று போகும் அந்தப் பாதையை எழுதுகிறவர் சென்னையிலோ கொச்சியிலோ டில்லியிலோ உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட். அவருடைய திட்டத்தில் 'காரைக்குடி – மதிய உணவு' என்றிருப்பதை 'காரைக்குடி – 1 இரவு' என்று மாற்றிவிட்டால் அந்த சீசன் முழுக்க வருகிற ஒவ்வொரு குழுவும் தங்கும். கானாடுகாத்தான் விசாலமும் காரைக்குடி பங்களாவும் கடியாபட்டி சிதம்பர விலாசும் ஆகிய விடுதிகள் இந்த வழியில் பாதை போட்டு வைத்திருக்கின்றன. அங்கே இடம் நிறைந்துபோனால் அடுத்து யாரைக் கூப்பிடுவது என்று ஏஜென்ட் தேடுவார். சின்ன வீட்டுக்கு முதல் வாய்ப்பு பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது.

இதிலும் கமிஷன் உண்டு. விற்பனை விலையில் இருபது, இருபத்தைந்து சதவீதம் குறைத்து நெட் ரேட் கேட்பார்கள், பணம் ஒரு மாதம் கழித்து வரும். தளத்துக்குக் கொடுப்பதற்கு இது குறைவில்லைதான். ஆனால் ஒரு ஏஜென்ட் ஒத்துக்கொண்டால் ஒரு சீசனுக்குத் தொடர்ந்து வரும். ஒத்துக்கொள்ள வைப்பதற்கு அவரைக் கூப்பிட்டு ஒரு இரவு தங்கவைத்து, கோழி வறுவலும் கவுனி அரிசியும் போட்டு, மறுநாள் ஒன்பது நகரத்தார் கோயில்களில் இரண்டைக் காட்டி அனுப்பினால் போதும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரத்தை, படிவம் சி என்று வழங்கிவந்த படிவத்தில், அரசுக்கு ஆன்லைனில் ஏற்ற வேண்டும். ஏஜென்ட் முதலில் கேட்கும் காகிதங்களில் அதுவும் ஒன்று. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் இன்க்ரெடிபிள் இந்தியா பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் பதிவும் உதவும். ஒன்று முதல் ஆறு அறை வரை, உரிமையாளர் அங்கேயே குடியிருக்க வேண்டும், சில்வர், கோல்டு என்று இரண்டு தரம். அந்தப் பதிவால் மட்டும் ஒரு ஆளும் வரமாட்டார், ஏஜென்ட் உங்களை நம்ப அது ஒரு காரணமாகும், அவ்வளவுதான்.

அப்புறம் டிரைவர். மதுரையில் ஓட்டல் போட்டிருந்தாலும் 'சார், இங்கேயே ஒரு நாள் இருந்துட்டுப் போகலாம்' என்று வண்டிக்குள் சொல்கிற ஒரே ஆள் அவர்தான். அவருக்கு பேட்டாவும் கமிஷனும் முக்கியம், மறுக்கவில்லை. அதைவிட, காரிலேயே படுக்க விடாமல் ஃபேன் போட்ட ஒரு அறை, குளிக்க இடம், விருந்தினர் சாப்பிட்ட அதே சாப்பாடு சூடாக. பல பெரிய இடங்களே இதைச் சரியாகச் செய்வதில்லை. ஒரு அறையை டிரைவர்களுக்கென்று ஒதுக்கி, இரண்டு கட்டிலும் ஒரு கீசரும் போடுவதை நான் விளம்பரச் செலவிலேயே சேர்ப்பேன்.

டிராவல்ஸ் நடத்துகிறவர்களுக்கும் இதே கணக்குதான், கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும். விருந்தினர் அன்றே மதுரை போய்விட்டால் உங்களுக்கு ஒரு டிராப் வாடகை. இரண்டு இரவு இருந்தால் ஊர் சுற்ற முழுநாள் வாடகை இரண்டு. அதனால் நாலு வீட்டுக்காரர்களோடு பேசி வைத்துக்கொள்வது உங்களுக்கு இன்ஸ்டாகிராம் விளம்பரத்தைவிட லாபம். பல்லவன் ரயிலில் காரைக்குடி வந்து இறங்குகிற சென்னைக் குடும்பத்தை ஸ்டேஷனிலேயே ஏற்றிக்கொள்வது யார் என்பது இப்படிப் பேசி வைப்பதில்தான் இருக்கிறது.

சேர்ந்து செய்வது

இங்கே தங்கலாமா என்று யோசிக்கிற விருந்தினருக்கு எந்தத் தனி வீடும் பதில் சொல்ல முடியாது. அதை ஊர்கள் சேர்ந்துதான் சொல்ல முடியும். செட்டிநாட்டில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள். காரைக்குடியும் கானாடுகாத்தானும் ஆத்தங்குடியும் சிவகங்கை மாவட்டம், கடியாபட்டி புதுக்கோட்டை மாவட்டம். இரண்டு மாவட்ட நிர்வாகம், இரண்டு சுற்றுலா அலுவலகம். அரசு அச்சடிக்கும் வரைபடம் மாவட்ட எல்லையில் நின்றுவிடும், விருந்தினரின் வண்டி நிற்காது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014 முதல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் இருக்கின்றன. அந்தப் பெருமையை ஒரே குரலில் சொல்ல இன்றைக்கு ஆளில்லை.

கேரளாவைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது நமக்கு வழக்கம். அங்கே 2000இலிருந்து கேரளா டிராவல் மார்ட் என்ற சுற்றுலாத் தொழில் சந்தை நடக்கிறது, கொச்சியில், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. அதை நடத்துவது தொழில்காரர்களே சேர்ந்த ஒரு சங்கம், அரசு கூட நிற்கிறது. வாங்குகிற ஏஜென்டைத் தேடி விற்கிறவர் அலைவதற்குப் பதில், அவர்களையே ஊருக்கு வரவழைத்துவிட்டார்கள்.

அந்த அளவுக்கு வேண்டாம், பத்து வீடும் நாலு டிராவல்ஸும் ஆளுக்குப் பதினைந்தாயிரம் போட்டால் இரண்டு லட்சத்து பத்தாயிரம். அதில் மாவட்ட எல்லை பார்க்காத ஒரு நல்ல வரைபடம், ஒரு பொது வெப்சைட், எல்லாரும் ஒரே மாதிரி சொல்லும் இரண்டு இரவுத் திட்டம். முதல் நாள் கானாடுகாத்தான், ஆத்தங்குடி, மாலையில் சமையல். இரண்டாம் நாள் விடியலில் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, பிறகு தறி, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள். மூன்றாம் நாள் மதுரை போகிற வழியில் கீழடி. 2023 மார்ச்சில் திறந்த அந்த அருங்காட்சியகத்தையே செட்டிநாட்டுக் கட்டடப் பாணியில்தான் கட்டியிருக்கிறார்கள், கதை தானாகவே தொடர்ந்துவிடும்.

இந்த வழி பெரும்பாலும் நடக்காமல் போவதற்குக் காரணம் பணம் இல்லை. பொது நம்பருக்கு வருகிற அழைப்பு யார் வீட்டுக்குப் போகும்? அங்கேதான் முறிகிறது. முறை வைத்து மாற்றிக்கொள்வது, யாருக்கு எத்தனை போனது என்று மாதம் ஒருமுறை வாட்ஸ்அப் குழுவில் போடுவது, போனை எடுப்பவர் எந்த வீட்டின் உறவும் இல்லாத சம்பள ஆளாக இருப்பது. இந்த மூன்றும் முதல் நாளே எழுத்தில் இல்லையென்றால் பதினைந்தாயிரத்தைக் கொடுக்காதீர்கள்.

கண்காட்சி பற்றி ஒரு வரி போதும். டில்லி சாட்டேயிலோ மார்ச் மாத பெர்லின் ஐடிபியிலோ தனி ஸ்டால் என்பது நாலு அறைக்காரருக்கு வேலையில்லாத வேலை. மாநில அரங்கில் ஒரு மூலை கிடைத்து, மேலே சொன்ன குழுவின் சார்பில் ஒருவர் போவதானால் போகலாம்.

என்னிடம் கேட்டால்

ஒரு லட்சத்தை நான் இப்படிப் பிரிப்பேன். படமெடுப்பதற்கு 20,000, நல்ல போட்டோகிராபர், ஒரே தடவை, குளியலறை உட்பட. இணைய முகவரிக்கும் எளிய வெப்சைட்டுக்கும் 15,000. ஏஜென்ட்களைத் தங்க வைப்பதற்கும் டிரைவர் அறைக்கும் 30,000. குழு அமைந்தால் அதற்கு 15,000. பொங்கல், கோடை விடுமுறை, தீபாவளி என்று குறிப்பிட்ட வாரங்களுக்கு முன்னால் சென்னை, கோவை, பெங்களூரு குடும்பங்களைக் குறிவைத்து, தட்டினால் வாட்ஸ்அப் திறக்கிற விளம்பரங்களுக்கு 15,000. மிச்சம் 5,000, வெளிநாட்டில் இருக்கும் நகரத்தார் குடும்பங்களுக்காக. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் அறுபதாம் கல்யாணத்துக்கும் முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் ஊருக்கு வரும்போது சொந்த வீடு உறவினர்களால் நிறைந்துவிடும், பத்து அறைக்கு வெளியே தேடுவார்கள். அவர்களுக்குப் போய்ச்சேரும்படி நல்ல அட்டையில் அச்சடித்த ஒரு தகவல் தாள் இருந்தால் போதும். ரீல்ஸ்காரருக்கும் கண்காட்சிக்கும் பூஜ்யம். குழு அமையவில்லை என்றால் அந்தப் பதினைந்தாயிரமும் ஏஜென்ட் கணக்கில்தான் போகும்.

வெளிநாட்டு சீசன் நவம்பரில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது, அதற்கான பயணத் திட்டங்களைப் பல மாதம் முன்பே அச்சிட்டுவிடுகிறார்கள். ரேட் ஷீட்டை அக்டோபரில் அனுப்பினால் அந்த வருடத்துக்குப் பயனில்லை. மே மாத வெயிலில் வீடு எப்படியும் காலியாகத்தான் கிடக்கும். சென்னை ஏஜென்டுக்கும் அப்போதுதான் ஓய்வு. ஏசியை மட்டும் ஒருமுறை சர்வீஸ் செய்து வைத்துவிட்டு அவரைக் கூப்பிடுங்கள்.